ஆடாத பெஞ்சு

என் கல்யாணத்தில் தாலி கட்டக் கால் மணி நேரம் தாமதமானதற்குக் காரணம் என் மச்சான். பெண்ணின் கூடப் பிறந்த அண்ணன். ஐயர் மணையைப் போட்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்த நேரத்தில், மஞ்சள் பையிலிருந்து ஒரு சாண் நீள ரசமட்டத்தை எடுத்து மணை மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கவில்லையாம். "ஐயரே, செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு மணைக்கு அடியில் ஒரு கொட்டைப்பாக்கைச் செருகினார். அது தடிமனாகப் போயிற்று. பாக்கை உருவிவிட்டு வெற்றிலையை நாலாக மடித்துச் செருகினார். "நல்ல நேரம் போயிடும்பா" என்று ஐயர் கெஞ்சினார். என் அப்பா பல்லைக் கடித்தார். நான் பட்டு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கோமாளி மாதிரி நின்றேன்.

"கோணல் மணையில உக்காந்து கட்டுனா வாழ்க்க பூரா கோணலாத்தான் போவும் மாப்ள" என்றார் மச்சான். வெற்றிலை இன்னும் ஒரு மடிப்பு மடித்ததும் குமிழி நடுவில் வந்து நின்றது. அந்த மணையில் உட்கார்ந்துதான் தாலி கட்டினேன். வாழ்க்கை எப்படிப் போயிற்று என்பதை என் பெண்சாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்வதற்கில்லை.

பந்தியிலும் விடவில்லை மனுஷன். இலையில் ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, பந்தல் போட்ட தரை ஊர் ஏரிப் பக்கமாக ஒரு விரற்கடை சரிவு என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். அவர் பாவம், பாயசத்தைக் கையால் அணை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மச்சான் டவுன் மில்லில் ஃபிட்டர். நல்ல ஃபிட்டர். அவர் பூட்டிய மெஷின் ஓடும்போது அதன் மேல் ஒத்தை ரூபாயை நிமிர்த்தி வைத்தால் விழாது என்று மில்லில் வேலை செய்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. டீக்கடை பெஞ்சு ஆடினால் நின்றுகொண்டே டீ குடிப்பார். பஸ்ஸில் போகும்போது எப்படி இருந்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பங்குனி மாதம், வீட்டிலேயே ஒரு பட்டறை வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மில்லில் பழைய ஆட்கள் பட்டறையை 'அத்தெலியே' என்பார்கள், பிரெஞ்சு வெள்ளைக்காரன் விட்டுப் போன வார்த்தை. மச்சான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தெலியேவுக்கு இடம் வேண்டும். பாகூர் ஏரிக்குக் கீழண்டை இருந்த எங்கள் ஊரில், இரண்டு அறை ஓட்டு வீட்டில், எந்த இடம் இருக்கும்? மாட்டுக் கொட்டாய்தான் இருந்தது. மாட்டை அவிழ்த்துக் கொல்லையில் வேப்பமரத்தில் கட்டினார். கொட்டாயில் இருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்தார். வாசலில் சுண்ணாம்பால் 'அத்தெலியே' என்று எழுதினார்.

அவர் பெண்சாதியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், மச்சான் பெண்டாட்டி அக்காள் முறைதானே. அந்த மாடு அக்கா பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த மாட்டின் வழி. ஒற்றை மாடு. பால் ஊற்றி அதில்தான் அவள் கைச்செலவு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எல்லாம். அன்றைக்கு அவள் கேட்ட கேள்வியும் மச்சான் சொன்ன பதிலும் ஊர் முழுக்கத் தெரியும், ஏனென்றால் நான்தான் சொன்னேன்.

"மாட்ட எங்கங்க கட்டறது?"

"பின்னாடி புதுக் கொட்டா போட்டுத் தரேன்."

"எப்ப?"

"அதுக்குக் காலு, வாரை, சட்டம் எல்லாம் அறுக்கணும். அறுக்க பெஞ்சு வேணும். பெஞ்சு போட எடம் வேணும். அதுக்குத்தான் மாட்ட வெளிய கட்டிருக்குது. இது கூடவா புரியல உனக்கு?"

மாட்டுக்குக் கொட்டாய் போடப் பெஞ்சு, பெஞ்சு போட மாட்டுக் கொட்டாய். அக்கா இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெஞ்சைப் பற்றிச் சொல்கிறேன், அதில் குறை சொல்ல முடியாது. டவுனில் இடித்த பழைய பங்களாவின் தேக்குக் கதவு இரண்டை வாங்கி வந்து, கீல் அடித்த இடத்தை அடைத்து, சேர்த்துப் பூட்டி, மேற்பலகை ஆக்கினார். ஒரு மாதம் இழைத்தார். கையால் தடவினால் எருமைத் தயிர் மாதிரி இருந்தது. கால் நான்கும் வைரம் பாய்ந்த பனை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய இரும்பு வைஸ் ஒன்றை ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கினார். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம் அது. எதை வைத்துத் திருகினாலும் யானை பிடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தைக் கரியால் வரைந்து ஆணி அடித்தார். உளி தொங்கும் இடத்தில் உளியின் நிழல், அரம் தொங்கும் இடத்தில் அரத்தின் நிழல். மற்றவர்களுக்கு ஆயுத பூஜை வருஷத்தில் ஒரு நாள். அவருக்கு வருஷம் பூராவும் ஆயுத பூஜைதான், சாமான் எதுவும் வேலைக்கு இறங்கவே இறங்காது.

பெஞ்சின் காலை நட்டதில்தான் வந்தது வினை. எங்கள் ஊர் ஏரிக் களிமண். கோடையில் கை நுழையும்படி வெடிக்கும். மழை பெய்தால் ஊறி உப்பி எழும்பும். அதனால் வீடு கட்டுகிறவன் ஆழமாகத் தோண்டி மணல் கொட்டி அதன் மேல்தான் அஸ்திவாரம் போடுவான். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் அது மாட்டுக் கொட்டாய்த் தரை, இரண்டு தலைமுறை கோமியம் குடித்த மண். குழி தோண்டக் கூட நின்றவன் நான்தான். "மச்சான், ரெண்டு வண்டி மணலு கொட்டிட்டு நடலாமே" என்றேன்.

"மாப்ள, மில்லுல அம்மாம் பெரிய மெஷினே மண்ணு மேலதான் நிக்குது. ஒனக்குத் தெரிஞ்சது ஏரு. ஏரைப் பாரு" என்றார். நானும் ஏரைப் பார்க்கப் போய்விட்டேன்.

சித்திரையில் நட்டார். ரசமட்டத்தில் குமிழி அப்படியே நடுவில். ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். வைகாசியில் தரை வெடித்தது, குமிழி ஏரிப் பக்கம் நகர்ந்தது. மச்சான் பெஞ்சுக் காலுக்கடியில் சல்லிக்கல்லை இடித்துச் சரி செய்தார். ஆவணியில் ஒரு மழை, குமிழி தெருப் பக்கம் வந்தது. சல்லியைத் தோண்டி எடுத்தார். இப்படியே போயிற்று. காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் பஸ் விட்டு இறங்கியதும் சட்டையைக் கழற்றாமல் ஒரு தடவை, ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். முகம் கோணினால் அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

களிமண்ணைத் தவிர எல்லோர் மேலும் அவருக்குச் சந்தேகம். அக்கா கொல்லையில் உரலில் இடிக்கக் கூடாது, அதிர்கிறது. அவள் நெல்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து இடித்தாள். என் வண்டி மாடு அந்த வழியாகப் போகக் கூடாது, நான் சுற்றிக்கொண்டு போனேன். கடைசியில் தெருக்கோடி ரைஸ் மில்லால்தான் பெஞ்சு நகர்கிறது என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டார். ஒரு குமாஸ்தா நிஜமாகவே வந்துவிட்டார். பெஞ்சைச் சுற்றிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், அசந்து போனார்.

"இதுல இன்னா வேல செய்யறீங்க?"

"இன்னும் ஒண்ணும் செய்யல."

"எத்தினி மாசமா?"

"எட்டு மாசமா."

குமாஸ்தா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சிரிக்காமல் போனார். நல்ல மனுஷன். நானாக இருந்தால் அங்கேயே சிரித்திருப்பேன்.

நானும் ஒரு தடவை சைக்கிள் மிதிக்கட்டைக்குப் போடும் ஆப்பை எடுத்துக்கொண்டு போனேன். துளையில் நுழையவில்லை, இரண்டு இழுப்பு ராவினால் போதும். வைஸில் வைத்து அரத்தால் ராவ ஒரு நிமிஷம். மச்சான் ஆப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், ஆப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"பெஞ்சு லெவல்ல இல்ல மாப்ள. இப்ப ராவுனா அர நூலு தப்பும்."

"தப்புனா தப்பட்டும் மச்சான், சைக்கிள்தானே."

"அப்பிடிச் சொல்றவன் கையில நான் சாமான் குடுக்க மாட்டேன்."

வெளியே வந்து மைல்கல்லில் வைத்து உரசினேன். அந்தச் சைக்கிளை அதற்கப்புறம் நான்கு வருஷம் மிதித்தேன்.

மணப்பட்டிலிருந்து மீன் கொண்டு வரும் அம்மா ஒருத்தி. ஒரு நாள் வெயில் தாங்காமல் கொட்டாய்க்குள் நுழைந்து, கூடையை இறக்கிப் பெஞ்சு மேல் வைத்துவிட்டாள். அன்று மச்சானுக்கு வார விடுமுறை. கூடையைப் பிடித்துத் தரையில் இறக்கினார். பலகையில் ஈர வட்டம் ஒன்று விழுந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் பிள்ளையைப் பாம்பு கடித்த மாதிரி இருந்தது.

"இது மேல மீனு வெக்கக் கூடாதா?" என்றாள் மீன்காரம்மா.

"கூடாது."

"மொளகா காய வெக்கலாமா?"

"கூடாது."

"கொழந்தயப் போடலாமா?"

"ஒண்ணும் வெக்கக் கூடாது."

"பின்ன எதுக்குய்யா, பொணம் வெக்கவா?" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். மச்சான் மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அக்கா அந்த வாரம் பூராவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷம் அப்போதுதான்.

ஏனென்றால் அதற்கு முந்தைய ஐப்பசியில் மாடு கன்று போட்டிருந்தது, வேப்பமரத்தடியில், மழையில். அக்கா மேலே இரண்டு சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்று விழுந்த இடமே சேறு. நனைந்த கன்றை வைக்கோலால் துடைக்கத் துடைக்க இன்னும் நனைந்தது. நடுங்கிக்கொண்டே கிடந்து மறுநாள் செத்துப் போயிற்று. அந்த இரண்டு நாளும் மச்சான் கொட்டாய்க்குள்தான் இருந்தார். மழையில் பெஞ்சு ஒரு கால் தூக்கிவிட்டது, அதை இறக்கிக்கொண்டிருந்தார். கன்று இல்லாமல் மாடு பால் சுரக்கவில்லை. அக்கா பிள்ளைகளுக்குப் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அப்போதே நான் சொன்னேன். "அக்கா, மாட்ட ஓட்டியாந்து நம்ம கொட்டாவுல கட்டு. எடம் இருக்குது."

"வேணாம் தம்பி. மாடு வூட்ட வுட்டுப் போனா லச்சுமி போன மாதிரி. அது இந்த வூட்லதான் இருக்கணும், அது கொட்டாவுலதான் இருக்கணும்."

"மச்சான் வுட மாட்டாரே."

"பாக்கறேன்" என்றாள்.

என் பெண்சாதி என்னைத்தான் திட்டினாள். "எங்கண்ணனப் பத்தி ஊரெல்லாம் கத சொல்லிச் சிரிக்கத் தெரியுது. நேரா நின்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு மச்சான்." எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் கதை நின்றுவிடும் என்று எனக்குள் ஒரு அற்பப் புத்தி இருந்திருக்கலாம்.

மாடு மறுபடி சினையானது. ஆனியிலிருந்தே அக்கா ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள். கார்த்திகையில் போடும், அதற்குள் கொட்டாய் வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கன்றும் போய்விடும். "பெஞ்சு நிக்கட்டும், ஒரே வாரத்துல போட்டுடறேன்" என்றார் மச்சான். பெஞ்சு அப்போது ஏரிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சல்லி போட்டார், செங்கல் தூள் போட்டார், பனங்கட்டையில் ஆப்பு அடித்தார். என்ன செய்தும் குமிழி அரை விரல் தள்ளியே நின்றது. "காலுக்கு சிமெண்டு ஊத்திடலாமே" என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். "மொதல்ல லெவல் நிக்கட்டும், அப்பறம் சிமெண்டு ஊத்தலாம்" என்றார் மச்சான். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. மூன்று நாளாக விடவில்லை. மூன்றாம் நாள் காலையிலும் மச்சான் குடையோடு மில்லுக்குப் போய்விட்டார். பதினோரு மணி இருக்கும், நான் வயலில் தண்ணீர் வடிய வரப்பு உடைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அக்கா வேலிப் படலிலிருந்து கூப்பிட்டாள். முழுக்க நனைந்திருந்தாள். மாடு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது, வாலைத் தூக்கிக்கொண்டது.

"தம்பி, ஒரு கை குடு."

"எங்கக்கா ஓட்டறது?"

"கொட்டாவுக்கு."

நான் நின்றேன். "மச்சான் வந்தா..."

"வரட்டும்" என்றாள்.

ஓட்டிக்கொண்டு போனோம். மாடு வாசலில் ஒரு நிமிஷம் நின்று மோந்து பார்த்தது, பிறகு தானே உள்ளே போயிற்று. கட்டத்தான் இடமில்லை, முளைக்குச்சியை எப்போதோ பிடுங்கியாயிற்று. அக்கா சுற்றிப் பார்த்தாள். கயிற்றை வைஸில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சுவரில் தொங்கிய உளியும் அரமும் எங்களையே பார்க்கிற மாதிரி இருந்தன.

மாடு வலி எடுக்கும்போதெல்லாம் தெருப் பக்கமாகத் தலையை வெட்டி இழுத்தது. இழுக்க இழுக்கப் பெஞ்சு கிறீச்சிட்டது. மழைத் தண்ணீர் ஊறித் தரை மாவு மாதிரி இருந்தது, பனங்கால்கள் அதில் அசைவதை நான் கண்ணாலேயே பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்குக் கன்று விழுந்தது. அக்கா அதைப் பெஞ்சுக்கு அடியில், மழை ஒழுகாத இடத்துக்கு இழுத்து, சாக்கைப் போட்டு, வைக்கோலால் தேய்த்தாள். மாடு கயிறு எட்டிய மட்டும் கழுத்தை நீட்டி நக்கியது. கன்று நடுங்கியது, பிறகு நடுக்கம் குறைந்தது. அக்கா அதன் பக்கத்திலேயே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் நாலரை மணிக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டே வாசலில் நின்றார். நான் சண்டைக்குத் தயாராக அக்காவுக்கு முன்னால் போய் நின்றேன். என் பெண்சாதி சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிக் கன்றைத் தாண்டினார். ஆணியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, பெஞ்சு மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். குறுக்கே வைத்துப் பார்த்தார். இரண்டு முனையையும் திருப்பி வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் அவர் ஆப்பு அடித்தும் வராத குமிழி, மாடு இழுத்த இழுப்பில் நடுவில் வந்து நின்றிருந்தது.

மச்சான் வைஸில் இருந்த கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"மாட்ட யாரும் அவுக்கக் கூடாது" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எத்தினி நாளைக்கு?"

"மண்ணு எறுகற வரைக்கும். தை போவணும். கயித்த நீட்டாத, கொறைக்காத. இப்ப எப்பிடிக் கட்டிருக்குதோ அப்பிடியே இருக்கட்டும். தீனி, தண்ணி எல்லாம் இங்கியே குடு."

"சரி" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் மச்சான் டீக்கடையில் பெஞ்சு நின்றுவிட்ட விஷயத்தைச் சொன்னார். மாட்டைத் தான்தான் யோசித்துக் கட்டியதாகவும் சொன்னார். நான் டீ குடித்தேன். நியாயமாக அன்றைக்கு நான் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். மாடு கொட்டாயில் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா சீம்பால் காய்ச்சித் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்து அனுப்பினாள். வெல்லமும் ஏலக்காயும் போட்டது. நானும் என் பெண்சாதியும் கொட்டாய்க்கே போய்ச் சாப்பிட்டோம். மச்சான் மில்லுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு வந்தார். குமிழியைப் பார்த்தார், அது இருந்த இடத்திலேயே இருந்தது. முகம் நன்றாக இருந்தது. ஒரு வாய் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஆமா, கன்னு இன்னா, கெடேரியா காளையா?"

கன்று அவர் காலுக்கு ஒரு முழத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்று நாளாக அங்கேதான் இருந்தது. என் பெண்சாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கெடேரி" என்றாள் அக்கா. "போன வருசம் மழையில செத்துதே, அதுவும் கெடேரிதான். அத நீங்க கேக்கல."

அவள் குரலை உயர்த்தவில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே சொன்னாள். மச்சான் வாயில் இருந்ததை விழுங்கவில்லை. கிண்ணத்தை வைக்க இடம் தேடினார். எதிரிலேயே பெஞ்சு இருந்தது. அதன் மேல் வைக்க அப்போதும் அவருக்கு மனசு வரவில்லை. அவர் போக வேண்டிய பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார்.